தொண்ணூறுக்கு மேல் வண்டி போகாது

சத்தியம் ஐயா, சத்தியம்! என் பென்ஷன் புத்தகத்தின் மேல் சத்தியம், போன வருஷம் இரண்டு கண்ணிலும் வைத்த லென்ஸின் மேல் சத்தியம், லோகோ ஷெட்டில் முப்பத்தைந்து வருஷம் ஸ்பானர் பிடித்த இந்த வலது கையின் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூட நான் கட்டியது இல்லை. பூவராகன் வாயைத் திறந்தால் புளுகு என்று எங்கள் காலனியில் சொல்லுவார்கள். ஆற்றில் பிடித்த விரால் மீன் என்னிடம் மணி கேட்டது என்று நான் சொன்னதாக இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அது வேறு விஷயம். அந்த மீன் மணி கேட்கவில்லை, தேதி கேட்டது. இது அப்படியில்லை, இது அத்தனையும் நடந்தது.

எங்கள் ஜங்ஷனின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக் காலையே பெட்டியோடு வந்து இறங்கிவிடுவீர்கள். வடக்கே போகிற வண்டியும் மேற்கே போகிற வண்டியும் பிரிகிற இடம், அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே காலனி, காலனிக்கு நடுவில் இன்ஸ்டிட்யூட் என்று வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஓட்டுக் கட்டடம், அதில் ஞாயிறு தவறாமல் ஹவுசி. ஆளுக்கொரு டிக்கெட், டிக்கெட்டுக்குப் பதினைந்து எண், மேடையில் ஒருவர் பைக்குள் கைவிட்டு ஒன்றிலிருந்து தொண்ணூறு வரைக்கும் ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக் கூவக் கூவ நாம் அடித்துக்கொண்டே போக வேண்டும், பதினைந்தும் அடிபட்டவர் ‘ஹவுஸ்!’ என்று கத்தினால் ஆட்டம் முடிந்தது.

அந்த நாளில் கூவுகிறவன் சிலுவைமுத்து, கூட்ஸ் வண்டி கார்டு. அவன் வெறும் எண்ணைச் சொல்ல மாட்டான். பதினொன்று வந்தால் ‘தண்டவாளம்’ என்பான், எழுபத்தேழு வந்தால் ‘ரெண்டு கைகாட்டி’ என்பான், ஐம்பத்தெட்டு வந்தால் ‘வீட்டுக்குப் போ தாத்தா’ என்பான், தொண்ணூறு வந்தால் இரண்டு கையையும் விரித்து, ‘இதுக்கு மேல வண்டி போகாது’ என்பான். அவனும் நானும் ஒரே நாளில் ரயில்வே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிறந்தவர்கள். அவனைப் பெற்றவள் மறுநாள் கண்ணைத் திறக்கவில்லை. என் அம்மாதான் இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். எனக்கு வலது பக்கம், அவனுக்கு இடது பக்கம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், நாற்பத்திரண்டு வேகன் கோத்த கூட்ஸின் கடைசிப் பெட்டியில் ஏறிப் போனான். வண்டி போய்ச் சேர்ந்தது, வேகன் நாற்பத்திரண்டும் போய்ச் சேர்ந்தன, கடைசிப் பெட்டியில் அவனுடைய பிளாஸ்க்கில் டீ ஆறாமல் போய்ச் சேர்ந்தது, அவன் மட்டும் போய்ச் சேரவில்லை. பாதையெல்லாம் தேடினார்கள். தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

அவன் மனைவி அமலோற்பவம் ரிட்டயராகும்வரை ஸ்டேஷனில் வண்டி அறிவித்தவள். விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர், இட்டார்சி வழியாக என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை மைக்கில் சொல்லுவாள். அதில் ஓர் ஊரைக்கூடப் பார்த்தவள் இல்லை. புருஷன் போன பிறகு சாம்பல் நிறப் புடவைக்கு மாறினாள். வெள்ளையும் இல்லை, வண்ணமும் இல்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரோடும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசல்வரை போவாள், உள்ளே எங்கே நடுவது என்று தெரியாமல் கொளுத்தாமலே திரும்பி வருவாள். அப்படி முப்பத்தொரு மெழுகுவர்த்தி, ஒரு பிஸ்கட் டப்பாவில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா வந்து ஹவுசியை நிறுத்தியது. அது போன பிறகு பையைத் திறந்து பார்த்தால் எண் எழுதிய கட்டைகளைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. எங்கள் ஊர்க் கரையானுக்கு எண் என்றால் உயிர். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டில்கூடத் தேதி இருந்த பக்கமாகப் பார்த்துத் தின்றிருக்கிறது. என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது, இன்ஸ்டிட்யூட் செயலாளர் திரவியநாதன், ரிட்டயரான டி.டி.ஆர், ஒரு செய்தியோடு வந்தார். போனில் பிங்கோ என்று நம் ஹவுசியையே ஆடுகிறார்களாம், புதிதாகப் பெயர் பதிகிறவருக்கு வரவேற்பு போனஸ் என்று ஒரு டிக்கெட் இனாமாம்.

“பணம் கட்டி ஆடினா தப்புன்னு சர்க்காரும் சொல்லுது, பாதரும் சொல்றாரு” என்றாள் கோவிந்தம்மாள். பாயிண்ட்ஸ்மேனின் மனைவி; அவரைப் புதைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

“இனாமா வர்றதை ஆடினா என்ன செய்வாங்களாம்?” என்றார் திரவியநாதன்.

போனை டிவியில் மாட்டி ஆடத் தொடங்கினோம். ஒரு பெயருக்கு ஒரு தடவைதான் போனஸ். ஆகவே முதலில் எங்கள் பெயர்கள், பிறகு மருமகன்கள் பெயர்கள், பிறகு துபாயில் இருக்கிற பிள்ளைகளின் பெயர்கள், கடைசியில் பிளாட்பாரத்து நாய் ஜாக்கியின் பெயரையும் பதிந்தோம்; ஜாக்கி அன்றைக்கு முதல் வரிப் பரிசை ஜெயித்தது. உயிரோடிருந்தவர்கள் பெயரெல்லாம் தீர்ந்துபோனபோது, திரவியநாதன் பீரோவைத் திறந்து பழைய உறுப்பினர் பதிவேட்டை எடுத்தார்.

முதல் பெயர் ரோஸ்மேரி டிகுரூஸ். இன்ஸ்டிட்யூட்டில் பியானோ வாசித்த அம்மாள், எண்பத்தொன்பதில் அடக்கம் செய்தோம். பெயரை அடித்தார், பிறந்த தேதியை அடித்தார், ‘சரி’ என்று தொட்டார். டிக்கெட் வந்தது. ஜன்னலோரம் மூன்றாம் நாற்காலியில் ரோஸ்மேரி அம்மாள் வந்து உட்கார்ந்தார், பூப்போட்ட கவுனை இழுத்துவிட்டுக்கொண்டார், தலையை அண்ணாந்து பார்த்தார்.

“இந்த ஃபேனை இன்னும் ரிப்பேர் பண்ணலையா மேன்?”

“சாங்ஷன் வரலைங்க மேடம்” என்றார் திரவியநாதன்.

கோவிந்தம்மாள் சற்று நகர்ந்து இடம் விட்டாள், யாரோ டீ ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் குடிக்கவில்லை, ஆனால் கிளாஸில் ஒரு விரற்கடை குறைந்தது. முப்பத்தோராவது எண்ணில் எந்த ஊரிலோ எவனோ ஹவுஸ் அடித்துவிட்டான். நாற்காலி காலியானது. “சே, மாமரத்தை வெட்டிட்டீங்களான்னு கேட்டாங்க, பதில் சொல்றதுக்குள்ள” என்று திரவியநாதன் வருத்தப்பட்டார். அவ்வளவுதான். மறு ஞாயிறு இன்ஸ்டிட்யூட்டில் நிற்க இடமில்லை.

கமிட்டி கூடி விதி எழுதியது. வருகிறவர்களை விருந்தாளி என்று சொல்ல வேண்டும். அவர்களிடம் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது, அவர்களுக்கும் தெரியாது. ஒரு விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது காலனிக்காரர் எவரும் ஹவுஸ் அடிக்கக் கூடாது, பதினைந்தும் அடிபட்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். விருந்தாளி அடித்தாலும் ஆட்டம் முடிந்துவிடும், அதனால் விருந்தாளிகளும் அடிப்பதில்லை. வேறொன்றும் போகப் போகப் புரிந்தது. ஒருவருக்கு ஒரு தடவைதான். இந்த பிங்கோ தளங்களெல்லாம் மேலே வேறு வேறு பெயரில் இருந்தாலும் அடியில் வேர் ஒன்று போலிருக்கிறது. ஓரிடத்தில் வந்து போன பெயரையும் தேதியையும் இன்னோரிடம் ஏற்காது. உயிரோடிருக்கிறவர் பெயருக்கு டிக்கெட் மட்டும் வரும், நாற்காலி காலியாக இருக்கும்.

ஒரே ஒரு தடவை என்றால் அந்த ஒரு தடவை நீள வேண்டாமா? அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நேற்று முளைத்த தளம் எது, இன்று முளைத்த தளம் எது, எதில் ஆள் கூட்டம் இல்லை, எதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் மூச்சு விட நேரம் தருகிறார்கள் என்று தேடிக்கொண்டேயிருப்பேன். வெளி ஆள் எவனும் இல்லாமல், எண்ணுக்கு இருபது விநாடி விடுகிற தளம் கிடைத்துவிட்டால் தொண்ணூறு எண்ணுக்கு முழுதாக அரை மணி நேரம். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் காலனிப் பெண்கள் எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கோவிந்தம்மாளுக்கு அப்படி ஓர் அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தேன். அவள் புருஷன் வந்து உட்கார்ந்ததும், “பீரோ சாவியை எங்கேய்யா வெச்சே?” என்று ஆரம்பித்தாள், எண்பத்தொன்பதாவது எண்வரை அதே சண்டை. அவர் போன பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, “இன்னும் ரெண்டு நம்பர் இருந்திருந்தா சொல்லியிருப்பாரு” என்றாள். சரக்கு ஆபீஸ் ராமானுஜத்தின் மனைவி அவரை நேராக பேங்க்குக்கு இழுத்துப்போய் உயிர்ச் சான்றிதழில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று ஆட்டோவையே வாசலில் நிறுத்தியிருந்தாள். அவரோ, உயிரோடிருந்தபோதும் ஆட்டோ ஏறாத மனுஷன், நடந்தே வருகிறேன் என்று கிளம்பி, லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்ததால் நின்று, அங்கேயே தீர்ந்துபோனார்.

அமலோற்பவம் எல்லா ஞாயிறும் வருவாள். எல்லாருடைய விருந்தாளிக்கும் டீ ஊற்றுவாள். தன் வீட்டுப் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். ஒரு நாள் நானே கேட்டேன்.

“பயமா இருக்குண்ணே” என்றாள். “அவரு வந்து உட்கார்ந்தா செத்துட்டாருன்னு அர்த்தம். வரலைன்னா என்னை விட்டுட்டு எங்கேயோ நல்லா இருக்காருன்னு அர்த்தம். நான் எதுக்குண்ணே ஆசைப்படட்டும்?”

அன்றைக்கு அவளுக்கு நான் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தது. தலைக்குக் குளித்து, கையில் புருஷனுடைய சர்வீஸ் காகிதத்தோடு வந்தாள். “இன்னிக்கு அவரு பொறந்த நாள். போடுங்க” என்றாள். நான் ஒளித்துவைத்திருந்ததில் நல்ல தளமாக ஒன்றைத் திறந்து கொடுத்தேன். கோயில் பதிவேட்டில் அவன் பக்கத்தைக் கரையான் தின்றிருந்ததால் காகிதத்தில் இருந்ததை அவளே பார்த்து அடித்தாள். சிலுவைமுத்து. ஒன்று, ஆறு, ஐம்பத்தைந்து. சரி.

டிக்கெட் வந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

நாற்பது பேர் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பதினொன்று வந்தது, நாற்காலி காலி, எழுபத்தேழு வந்தது, நாற்காலி காலி, ஐம்பத்தெட்டு வந்தது, ஃபேன் சுற்றியது, டீ ஆறியது, கிளாஸில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, தொண்ணூறு எண்ணும் வந்து தீர்ந்தன. அமலோற்பவம் எழுந்தாள். மைக்கில் பேசின அதே குரலில், “இதுக்கு மேல வண்டி போகாது” என்றாள். பிறகு சிரித்தாள். முப்பத்தொரு வருஷத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

“உசுரோட இருக்காரு அண்ணே! உசுரோட இருக்காரு!”

“பாவிப்பய, எந்த ஊர்ல எவளோட குடித்தனம் பண்றானோ” என்றாள் கோவிந்தம்மாள்.

“எவளோட இருந்தா என்னக்கா? சாப்பிட்டுக்கிட்டு இருக்காருல்ல.”

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் அம்மா ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாள். நாங்கள் பிறந்தது நவம்பர் ஒன்பது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் எங்களுக்கு ஐந்து வயசு நிரம்பவில்லை. ஹெட்மாஸ்டர் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, “அதுக்கென்னம்மா, பொறந்துட்டாப் போச்சு” என்று எங்களை ஜூன் ஒன்றில் பிறக்க வைத்தார். அந்த வரிசையில் நின்ற பதினேழு பேரும் அன்றைக்கு ஜூன் ஒன்றில் பிறந்தோம். எங்கள் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பிறந்த நாள் உண்டு, வயிற்றிலிருந்து பிறந்தது ஒன்று, ஹெட்மாஸ்டர் பேனாவிலிருந்து பிறந்தது ஒன்று. சிலுவைமுத்துவுக்கு முதல் நாளின் மேல் பிடித்தம் இல்லை. அது அவன் அம்மாவைக் கொன்ற நாள். பெண்டாட்டியிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஜூன் ஒன்றில் பிறந்த சிலுவைமுத்து என்று ஒருவன் இந்தப் பூமியில் இருந்ததே இல்லை ஐயா. இல்லாதவன் எப்படி வந்து உட்காருவான்?

சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். இன்றைக்கு வேண்டாம், அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று தள்ளினேன். அடுத்த ஞாயிறு அவள் அரக்கு நிறப் புடவையில் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஆவணி பிறந்ததும் ஒரு சூட்கேஸ் வாங்கினாள்.

“பாஸ் எழுதி வாங்கிட்டேண்ணே. விஜயவாடாவிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனா இறங்கித் தேடப்போறேன். திங்கக்கிழமை வண்டி.”

அறுபத்தைந்து வயசு, முழங்கால் வலி, பாஷை தெரியாத ஊர்கள். செத்துப்போன ஒருவனைத் தேடி ஒரு மனுஷியை அனுப்பிவிட்டு நான் இங்கே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட முடியுமா? ஆனால் அவன் செத்தான் என்று எனக்கு மட்டும் என்ன நிச்சயம்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் இன்ஸ்டிட்யூட்டைத் திறந்தேன். காலி நாற்காலி என்றால் நிம்மதி, அவள் தேடிப் போகட்டும் என்று நினைத்தேனே தவிர, வந்துவிட்டால் அவளுக்கு உள்ள ஒரே தடவையை நான் செலவழித்துவிடுவேன் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. சிலுவைமுத்து. ஒன்பது, பதினொன்று, ஐம்பத்தைந்து. என்னுடைய தேதியையே அடித்தேன். சரி என்று தொட்டேன்.

“டேய் பூவராகா, என்னடா இப்படிக் கிழவனாயிட்டே?”

கார்டு சட்டை, அதே மீசை, முப்பத்தெட்டு முடியாத வயசு. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீதான்டா வளரலை” என்றேன்.

“சிக்னல் விழலைன்னு வண்டி நின்னுச்சு” என்றான் அவனாகவே. “என்னன்னு பார்க்க இறங்கினேன். மழையிலே ஒண்ணும் தெரியலை. தரைன்னு நெனைச்சுக் கால வெச்சேன். பாலம்.”

டிவியில் பதினொன்று வந்தது. “தண்டவாளம்” என்றான் மெதுவாக.

“அமலாவைக் கூப்பிடட்டுமாடா? எதிர் வீடுதான். ஓடிப் போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். எதிரே வாசலில் அமலோற்பவம் துவைத்த துணிகளை மடித்துச் சூட்கேஸில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நரைச்சுப்போச்சேடா” என்றான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். நாலு எண் போயிற்று, ஐந்து எண் போயிற்று. “அரக்கு கட்டியிருக்கா. நான் எடுத்துக் கொடுத்தப்பல்லாம் கண்ணைக் குத்துதுன்னு உள்ளே வெச்சிடுவா.”

“நீ உசுரோட இருக்கேன்னு நெனைச்சுக் கட்டியிருக்கா. உன்னைத் தேடி நாக்பூர் வரைக்கும் போறாளாம்.”

அவன் சிரித்தான். “வருஷா வருஷம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச் சொல்லி ஏமாத்தினேன். பேரை மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தவடா அவ. ஒரு ஊரையாச்சும் பார்க்கட்டும்.”

“நீ இல்லாத ஊர்ல போய் உன்னைத் தேடணுமா?”

“தேடினாத்தான்டா ஒவ்வொரு ஊரையும் நல்லாப் பார்ப்பா.”

திரும்பி வந்து உட்கார்ந்தான். அவன் டிக்கெட்டில் பதினான்கு அடிபட்டு ஒன்று பாக்கியிருந்தது. தொண்ணூறு. இன்னும் இருபது எண்ணாவது இருந்தது. நான் ஓடியிருக்கலாம், ஜன்னலில் நின்று ஒரு கத்து கத்தியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். அப்போது வெளியே செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

“அண்ணே, உள்ளே இருக்கீங்களா?”

அந்தக் குரலுக்கு அவன் கண்ணை மூடினான். “குரல் மட்டும் அப்படியே இருக்குடா” என்றான். டிவியில் தொண்ணூறு வந்தது. அவன் இரண்டு கையையும் விரிக்கவில்லை. ஒரு விரலை நீட்டி, அவனே ஹவுஸைத் தொட்டான்.

அமலோற்பவம் பிஸ்கட் டப்பாவோடு உள்ளே வந்தாள். டிவியில் காகிதப் பூக்கள் கொட்டிக்கொண்டிருந்தன.

“யாருண்ணே ஹவுஸ் அடிச்சது?”

“நான்தாம்மா.”

“தனியா உட்கார்ந்து ஆடுறீங்களாக்கும், பொய்க்கார அண்ணே.” டப்பாவை என் மடியில் வைத்தாள். “இது எனக்கு இனிமே வேண்டாம். கரண்ட் போனா ஏத்திக்குங்க.” பிறகு கீழே பார்த்தாள். மூன்றாம் நாற்காலிக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஓடு ஒழுகுதா?”

வெளியே வெயில் காய்ந்தது.

“ஆமாம்மா, ஒழுகுது.”

“குளுகுளுன்னு இருக்குண்ணே” என்று சொல்லி, போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றாள்.

திங்கட்கிழமை நான்தான் சூட்கேஸைத் தூக்கி வண்டியில் வைத்தேன். இன்னும் ஊர் திரும்பவில்லை. போனில் செய்தி வருகிறது. ‘வாரங்கல். பெரிய கோட்டை. ஆள் இல்லை.’ ‘பல்லார்ஷா. குளிர் ஆரம்பம். ஸ்வெட்டர் வாங்கினேன். ஆள் இல்லை.’ ‘நாக்பூர். ஆரஞ்சு அவ்வளவு இனிப்பு. கூட அவரு இருந்தா ஒரு கூடை தீர்த்திருப்பாரு. ஆள் இல்லை.’ ஒவ்வொன்றுக்கும் நான் ‘தேடும்மா, கிடைப்பான்’ என்று பதில் போடுகிறேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன புளுகிலெல்லாம் கனமான புளுகு அது ஒன்றுதான்.

இந்தக் கல்லறைத் திருநாளன்று எங்கள் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மூலையில், ஆளும் இல்லாத சிலுவையும் இல்லாத வெறும் மண்ணில், முப்பத்தொரு மெழுகுவர்த்தி ஒரே வரிசையாக எரிந்ததை ஊரே பார்த்தது. நாமம் போடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, யாரும் என்னைப் பார்க்கவுமில்லை.

அவ்வளவுதான் ஐயா. நீங்கள் வடக்கே போகிறவர். இட்டார்சி பிளாட்பாரத்திலோ அதற்கு அந்தப் பக்கமோ, அரக்குப் புடவையும் ஸ்வெட்டருமாக ஓர் அம்மாள் இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்காருங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்தக் கதையை மட்டும் சொல்லாதீர்கள். மீறி நாக்குத் தவறிவிட்டால், யார் சொன்னது என்று அவள் கேட்பாள். யாரோ வழியில் சொன்னார்கள், முகம் நினைவில்லை, பெயர் கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். பூவராகன் என்று ஒருவனை நீங்கள் பார்க்கவே இல்லை.